மூக்கு காத்திருக்கும், காது காத்திருக்காது

வைரஸ் காய்ச்சல் போன பிறகும் தங்கிவிடும் தொல்லைகளில் பொறுத்துப் பார்க்க வேண்டியவை சில. ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாதவை சில. பெரும்பாலானோர் இரண்டையும் மாற்றிச் செய்கிறார்கள்.

காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிடுகிறது. உடம்பு வலி ஐந்தாம் நாள் விட்டுப்போகிறது. ஒரு வாரத்தில் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் வழக்கம் போல. ஆனால் வந்த விருந்தாளி முழுதாக வெளியேறிவிடவில்லை. காலைக் காபியில் மணம் இல்லை. இரவு படுத்தால் இருமல் எழுப்புகிறது. கட்டிய குரல் கட்டியபடியே இருக்கிறது. ஒரு காது தண்ணீர் புகுந்தது போல அடைத்துக் கிடக்கிறது.

வீட்டில் அடுத்து நடப்பது அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான். இருமலுக்கு மருந்துக் கடையில் ஒரு ஆன்ட்டிபயாடிக். அது கேட்காவிட்டால் வேறொன்று. அடைத்த காதுக்கோ, 'சளி இறங்கினால் தானே சரியாகிவிடும்' என்ற சமாதானம். அதிகபட்சம் இரண்டு சொட்டு எண்ணெய். காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களைக் கேட்டால் இரண்டுமே தவறு என்பார்கள். அவசரப்பட வேண்டாத இடத்தில் அவசரம். அவசரப்பட வேண்டிய இடத்தில் அசாத்தியப் பொறுமை.

காற்றில் வரும் வைரஸ்களுக்கு மூக்கும் தொண்டையும்தான் தலைவாசல். மூக்கின் பின்பகுதியிலிருந்து ஒரு சிறு குழாய் நடுக்காதுக்குப் போகிறது. அதனால் காதும் தப்புவதில்லை. வைரஸ் ஒரு வாரத்தில் ஒழிந்துவிடலாம். ஆனால் அது இடித்துப்போட்டதை உடம்பு மறுபடி கட்ட வேண்டும். இந்தக் கட்டட வேலை எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் உட்சவ்வு சில வாரங்களில் புதிதாக வளர்ந்துவிடும். வாசனை அறியும் நரம்பு செல்கள் மறுபடி வளரக்கூடியவை. ஆனால் மாதங்கள் பிடிக்கும். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்முடி செல்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதே இல்லை. எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது என்ற கேள்விக்கு இந்த மூன்று வேகங்களே பாதி விடை சொல்லிவிடுகின்றன.

தொண்டை: வாரக் கணக்கு

2023இன் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் எச்3என்2 என்ற இன்ஃபுளுயன்ஸா பரவியது. காய்ச்சல் போன பிறகும் இருமல் போகவில்லை என்பதுதான் எங்கும் புகார். அந்த மார்ச் மாதம் இந்திய மருத்துவச் சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம் வரை நீடிக்கலாம் என்று அது சொன்னது. அசித்ரோமைசின், அமாக்சிக்ளாவ் போன்ற ஆன்ட்டிபயாடிக்குகளைக் கண்டபடி விழுங்குவதையும், கொஞ்சம் தேவலை என்றதும் பாதியில் நிறுத்துவதையும் கண்டித்தது. வைரஸை ஆன்ட்டிபயாடிக் எதுவும் செய்யாது. உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்த மருந்தைப் பழக்கப்படுத்துவதுதான் மிச்சம். நாளை நிஜமாகவே தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகலாம்.

இருமல் ஏன் நீள்கிறது? மூச்சுக்குழாயின் உட்சவ்வு உரிந்து, அடியில் இருக்கும் நரம்பு முனைகள் வெளியே தெரிகின்றன. குளிர்ந்த காற்று, தூசி, ஊதுவத்திப் புகை, ஒரு பெரிய சிரிப்பு - எது பட்டாலும் இருமல் கிளம்புகிறது. மூக்கிலிருந்து பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கும் சளியும் சேர்ந்துகொள்கிறது. வெந்நீர், உப்பு நீரில் கொப்பளித்தல், பெரியவர்களுக்கும் ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கும் ஒரு ஸ்பூன் தேன் - பெரும்பாலும் இவை போதும். கூடவே பொறுமை.

இந்தியாவில் இந்தப் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்கால விதி. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். இருமல் வைரஸ் விட்டுச்சென்றதாகவே இருக்கலாம். ஆனால் 'ஃப்ளூ வந்து போன மிச்சம்' என்று நினைத்தபடி காசநோயை மாதக்கணக்கில் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். காத்திருப்பதும் பரிசோதித்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல. இருமலில் ரத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

குரலுக்கும் ஒரு கணக்கு உண்டு. கட்டிய குரல் ஓரிரு வாரத்தில் திறக்க வேண்டும். ஆசிரியர், கண்டக்டர், தெரு வியாபாரி போன்று குரலை விற்றுப் பிழைப்பவர்கள் அதற்கு ஓய்வு தராததால் இன்னும் சில நாள் இழுக்கலாம். கிசுகிசுப்பது ஓய்வு அல்ல; தொண்டைக்கு அது கூடுதல் சிரமம். மூன்று நான்கு வாரமாகியும் குரல் திரும்பாவிட்டால், அதிலும் பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் இருந்தால், குரல்வளையை ஒருமுறை மருத்துவர் பார்த்தாக வேண்டும். 'சளிதான்' என்று ஒதுக்கப்பட்ட குரல்வளைப் புற்றுநோய்கள் கொஞ்சமல்ல.

மூக்கு: மாதக் கணக்கு

உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில் மூக்கு தொழில் கருவி. செம்பு அண்டாவில் ரோஜாவையும் மல்லிகையையும் தாழம்பூவையும் கொதிக்கவைத்து, மூங்கில் குழாய் வழியே ஆவியை இன்னொரு செம்புக் குடத்துக்குள் இறக்கி அத்தர் எடுக்கும் ஊர் அது. 2014இல் கன்னௌஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுப்பை எப்போது தணிப்பது, எடுத்த சரக்கு எந்தத் தரம் என்பதையெல்லாம் காலம்காலமாகத் தீர்மானித்து வந்தது பழுத்த கைவினைஞரின் மூக்குதான். கொல்கத்தாவிலும் குவாஹாத்தியிலும் தேயிலையைத் தரம் பிரிப்பவர்களின் பிழைப்பும் மூக்கில்தான் இருக்கிறது. இவர்களுக்கு வாசனை போவது, தட்டச்சருக்கு விரல் போவது மாதிரி.

மற்றவர்கள் மூக்கின் அருமையை அறிந்தது 2020இல். அந்த ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் வாசனையோ சுவையோ தெரியாமல் போவதையும் கோவிட் அறிகுறிகளின் பட்டியலில் சேர்த்தது. வைரஸால் வாசனை போவது அதற்கு முன்பு இல்லாததல்ல. சாதாரண ஜலதோஷமும் ஃப்ளூவும் காலம்காலமாக அதைச் செய்துவந்தன. யாரும் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

மூக்கின் கூரைப் பகுதியில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில், வாசனையை அறியும் நரம்பு செல்கள் இருக்கின்றன. மனிதருக்குச் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்குத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மூக்கு அடைத்திருக்கும்போது வாசனை தெரியாதது வேறு விஷயம். அடைப்பு நீங்கினால் அதுவும் திரும்பிவிடும். அடைப்பே இல்லாமல் வாசனை போனால், பழுது இந்தக் கூரையில். கோவிட் வைரஸ் நரம்பு செல்களை நேரடியாகத் தாக்குவதில்லை, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் துணை செல்களைத்தான் தாக்குகிறது என்று 2020இல் தெரியவந்தது. துணை செல்கள் சீக்கிரம் வளர்ந்துவிடும். அதனால்தான் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பியது. நரம்பு செல்கள்வரை சேதம் போனவர்களுக்கு நாளாகிறது. 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கோவிட்டால் வாசனை போனவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்குப் பாதிப்பு நீடிப்பதாகக் கணக்கிட்டது.

'வாய்க்கு ருசியே இல்லை' என்று புலம்புபவர்களில் பெரும்பாலோருக்கு நாக்கு நன்றாகவே இருக்கிறது. இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு ஆகியவற்றையும் 'உமாமி' எனும் ஐந்தாவது சுவையையும் அறிவதுதான் நாக்கின் வேலை. ரசத்தில் மிளகும் பெருங்காயமும் கொத்தமல்லியும் தெரிவது, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்கின் கூரைக்குப் போகும் வாசனையால். மூக்கு போனால் ரசம் வெறும் புளித்த உப்புத் தண்ணீர். சாப்பாட்டில் பிடிப்புப் போய் மெலிபவர்கள் உண்டு. ருசி தேடி உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போட்டு ரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு.

திரும்பி வரும் வழியிலும் ஒரு கோணல் நேரலாம். வெங்காயம் வதக்கும் வாசனை சாக்கடை போலவும், காபி கருகிய ரப்பர் போலவும் தோன்றும். குடும்பத்தார் 'மனப்பிரமை' என்பார்கள். பிரமை அல்ல. புதிதாக வளரும் நரம்புகள் தப்பான இடத்தில் இணைந்து, பிறகு சரியாகும்வரை இப்படித்தான். போன நரம்பு உயிர் பிடிக்கிறது என்பதன் அடையாளமாகவே மருத்துவர்கள் பலர் இதைப் பார்க்கிறார்கள். அதுவரை வறுத்தல், வதக்கல், தாளிப்பைக் குறைத்து, உணவை ஆறவைத்துச் சாப்பிட்டால் குமட்டல் குறையும்.

மருந்து? மாத்திரை என்று பெரிதாக எதுவும் இல்லை. பயிற்சிதான் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மலும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட முறை இது: ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் முகர வேண்டும். 12 வாரம் இப்படிச் செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட வாசனை அறியும் திறன் கூடியது. நான்குமே நம் வீட்டில் கிடைப்பவைதான். பன்னீரோ ரோஜா எண்ணெயோ ஒன்று, எலுமிச்சைத் தோல் ஒன்று, நீலகிரித் தைலம் ஒன்று, இடித்த கிராம்பு ஒன்று. ஒவ்வொன்றையும் 20 விநாடிபோல மெதுவாக முகர்ந்து, அதன் பழைய மணத்தை மனதில் கொண்டுவர வேண்டும். இது என்ன, எங்கே, எப்போது முகர்ந்தது என்ற நினைப்பும் பயிற்சியின் பகுதி. மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். ஒரு வாரம் செய்துவிட்டு 'பலனில்லை' என்பவர்களே அதிகம்.

மூக்கு வேலை செய்யாத நாட்களில் வீட்டில் ஓர் ஆபத்து இருக்கிறது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் எதில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். முகர முடியாதவருக்கு அந்த ஏற்பாடு வீண். தனியாக வசிப்பவர்கள் கசிவை அறிவிக்கும் கருவி பொருத்திக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் இரவு ரெகுலேட்டரை மூடும் பழக்கமாவது வேண்டும். கெட்டுப்போன பால், ஊசிப்போன குழம்பை மூக்கை நம்பி முடிவு செய்யக் கூடாது. வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவையும் சில. மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தை ஐந்தாறு நாளுக்கு மேல் தொடர்ந்தால், அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை போர்த்தி ஆவி பிடிப்பதால் வாசனை திரும்பியதாக நிரூபணம் இல்லை. பாத்திரம் கவிழ்ந்து வெந்தவர்கள் உண்டு. உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது நல்லதுதான். ஆனால் கொதிக்கவைத்து ஆறிய நீராக இருக்க வேண்டும். சுத்திகரிக்காத நீரிலிருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போய் உயிரைப் பறிப்பதைக் கேரளம் 2024இலும் 2025இலும் கண்டது.

காது: மணிக் கணக்கு

சளி பிடித்தால் காது அடைப்பது சகஜம். மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் வீங்கி, செவிப்பறைக்குப் பின்னால் காற்று போக முடியாமல் நீர் கோத்துக்கொள்கிறது. கொட்டாவி விட்டால், விழுங்கினால் 'டப்' என்று திறக்கும். சில வாரங்களில் சரியாகும். வலியும் சீழும் இல்லாதவரை பயமில்லை.

ஆனால் இதே போலத் தோன்றும் இன்னொன்று இருக்கிறது. ஒருநாள் காலை எழும்போது ஒரு காதில் போன் கேட்கவில்லை. உள்ளே 'கொய்ங்' என்று இரைச்சல். சிலருக்குத் தலைச்சுற்றலும். இது உள்காதில் நேர்ந்த திடீர் செவிட்டுத்தன்மை. மூன்று நாளுக்குள் உண்டாகிற நரம்புவழிக் கேள்விக் குறைவு என்பது மருத்துவ இலக்கணம். பெரும்பாலும் காரணம் பிடிபடுவதில்லை. வைரஸ் மீது பலமான சந்தேகம் உண்டு. நோயாளிக்கு இரண்டு வகையும் 'அடைப்பு' என்றே தோன்றுகிறது. அதுதான் விபரீதம்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்க வேண்டும். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் அது அநேகமாக நடுக்காது அடைப்பு. நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் பழுது உள்காதில் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இது வெறும் கைகாட்டிதான், தீர்ப்பு அல்ல. மருத்துவர் காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்து, இசைக்கவையைத் தட்டி வைத்து, ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனையும் எடுத்த பிறகே நிச்சயமாகச் சொல்ல முடியும். பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது.

சிகிச்சை ஸ்டீராய்டு. மாத்திரையாகவோ, செவிப்பறை வழியே நடுக்காதுக்குள் ஊசியாகவோ கொடுக்கிறார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சிகிச்சை இல்லாமலே ஒரு பகுதியினருக்குக் காது ஓரளவு திரும்பிவிடும் என்பது உண்மை. யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. எண்ணெய் விட்டு, பட்ஸ் போட்டுக் குடைந்து, ஒரு மாதம் கழித்து வருபவருக்கு மருத்துவர் செய்வதற்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பொன்னுக்கு வீங்கி சிலரது ஒரு காதைச் சத்தமில்லாமல் பறித்துவிடும். மற்றொரு காது நன்றாக இருப்பதால் குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. போனை ஒரே பக்கம் மட்டும் வைத்துப் பேசுவதை ஒருநாள் யாராவது கவனிக்கும்போது ஆண்டுகள் கடந்திருக்கும். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2017இல் வந்தது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்குமான ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தருவது எம்.எம்.ஆர். எனும் வேறு ஊசி. குழந்தைக்கு எது போடப்பட்டிருக்கிறது என்று அட்டையைப் பார்ப்பது நல்லது. பொன்னுக்கு வீங்கி வந்து போனால், இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஓட வேண்டிய வேறு சில

முகத்தில் ஒரு பக்கம் தொங்கி, கண் மூட முடியாவிட்டால் மூன்று நாளுக்குள் சிகிச்சை தொடங்குவதே பலன் தரும். பக்கவாதம் அல்ல என்று உறுதி செய்யவும் உடனே போக வேண்டும். கூடவே காதில் அக்கிக் கொப்புளம் இருந்தால் இன்னும் அவசரம். அறையே சுழல்வது போன்ற கிறுகிறுப்பு உள்காது நரம்பு வீக்கத்தால் வரலாம். சில நாளில் தணியும். ஆனால் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நிற்கவே முடியாத தள்ளாட்டம் சேர்ந்தால் அது மூளையின் சமாசாரம். மூக்கிலிருந்து கறுப்பாக வடிதல், ஒரு பக்க முகவலி, பல் ஆட்டம், கண் வீக்கம் - இவை கறுப்புப் பூஞ்சையின் அடையாளங்கள். 2021இல் கோவிட் இரண்டாம் அலையின்போது நாட்டில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது வந்தது. பெரும்பாலோர் நீரிழிவுக்காரர்கள், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள். காதைக் காப்பாற்றும் அதே மருந்து, சர்க்கரையைக் கவனிக்காமல் கடையில் வாங்கி விழுங்கினால் கண்ணையும் உயிரையும் கேட்கும். சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதற்கு, தானே தொடங்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

காய்ச்சலிலிருந்து எழுந்தவரிடம் வீட்டார் கேட்பது 'பசிக்கிறதா?' என்பதுதான். அத்துடன் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்: 'இரண்டு காதும் ஒரே மாதிரி கேட்கிறதா?' இருமலுக்கு வாரங்களைக் கொடுக்கலாம். வாசனைக்கு மாதங்களைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். காதுக்குக் கொடுக்க அவ்வளவு நேரம் யாரிடமும் இல்லை.